படிக்கத்தில் குடியேறிய பேய்க்கணவாய்

மார்ச் 3

என் அருமை மருமகளே,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய். உன் ஆஸ்பத்திரியில் யாரிடம் படித்துக் காட்டினாலும் அவர்களும் நம்பமாட்டார்கள். சூரியன் சாட்சி, சந்திரன் சாட்சி, நம் துறையில் துருப்பிடித்து ஆடும் அந்த மிதவை சாட்சி: ஒருவரும் நம்பாத கதையைத்தான் சொல்வேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன்.

போன வருஷம் ஊரே பார்த்துக்கொண்டிருக்க என் பித்தளைப் படிக்கத்தைப் பிடுங்கிக் கடலில் எறிந்தாய். ஏழு தலைமுறையாக எச்சில் வாங்கிய பாத்திரம் அது. என் முப்பாட்டனாரின் துப்பும் திறமையை மெச்சி ஒரு சக்கரவர்த்தி பரிசளித்தது. விளிம்பில் ஒரு ஒடுக்கு இருக்குமே, அது அவர் அடுத்த தெருவில் நின்று துப்பியதில் விழுந்தது. அதை எறிந்துவிட்டு, "இந்தத் தீவே ஒரு படிக்கம்" என்று கத்திவிட்டுப் படகேறிப் போனாய். அன்றோடு உனக்கும் எனக்கும் பேச்சு அறுந்தது.

அந்தப் படிக்கம் திரும்பி வந்துவிட்டது!

நம் கடலின் குணம் உனக்குத் தெரியும். பானைகளைக் கயிற்றில் கோத்து இறக்கினால், மறுநாள் ஒவ்வொன்றிலும் ஒரு பேய்க்கணவாய் எட்டுக் காலையும் மடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தும். பானைதான் என்றில்லை. தகர டப்பா, ஒற்றை ரப்பர் பூட்ஸ், உடைந்த கக்கூஸ் பீங்கான், எதை இறக்கினாலும் ஆள் வந்துவிடும். போன வாரம் என் பானைக் கயிற்றில் சிக்கிப் படிக்கம் மேலே வந்தது. உள்ளே பூசணிக்காய் பருமனில் ஒரு மகாராஜா! புகையிலைச் சாறு ஊறிய அரண்மனையில் வாழ்ந்து பழகிவிட்டாராம். ஒரு காலை நீட்டி என் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கிள்ளு எடுத்துக் கன்னக் கொடுப்பில் அதக்கிக்கொண்டார். பிறகு மைக்குப் பதிலாகப் பழுப்புச் சாறு துப்பினார். குறி தப்பவில்லை. எனக்கே பொறாமையாகிவிட்டது.

அதே வாரத்தில் உன் ஊரிலிருந்து ஒரு சுகாதாரக் கூட்டம் வந்து இறங்கியது. இளம் டாக்டர் ஒருவர் இரண்டு அட்டையைத் தூக்கிக் காட்டினார். ஒன்றில் இளஞ்சிவப்பு வாய். மற்றதில் கன்னத்துக்குள் வெள்ளைத் தோல் படர்ந்த வாய். "இதுல எது நோய் வந்த வாய்?" என்று கேட்டார். ஊர் ஒரே குரலில் சிவப்பைக் காட்டியது. "ஐயோ பாவம், தோலே இல்லாம வெந்து கிடக்கே" என்றாள் மளிகைக்கடைக்காரி. நம்மில் தலை நரைத்த யாருக்குத்தான் வெள்ளை இல்லை? பதப்பட்ட வாய் என்றல்லவா பெயர் வைத்திருக்கிறோம்! டாக்டர் பதறிப்போய்த் தன் வாயையே திறந்து காட்டினார். அதுவும் சிவப்பு. "இந்தச் சின்ன வயசுலயா தம்பி" என்று கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீக்கிரம் ஆறட்டும் என்று ஒரு பொட்டலம் புகையிலை கொடுத்தனுப்பினாள்.

கடைசியாக ஒரு பெருமை. என் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு குட்டித் தீவு முளைத்திருக்கிறது. கரை மேடு, நடுவில் பள்ளம். எந்த வரைபடத்திலும் இன்னும் ஏறவில்லை. கொடி நடலாமா என்று யோசிக்கிறேன்.

சும்மா தகவலுக்காக எழுதினேன். பதில் போட்டால் போடு.

துறைமுகத்தின் குரல், அலைகளின் அதிபதி, படிக்கம் இழந்த பரிதாபி,
உன் தாய்மாமன்


மார்ச் 12

மாமா,

நீங்கள் கடிதம் எழுதியதே நம்ப முடியாத கதைதான். படகு வருவதை அறிவிக்கத் துறை மைக்கைப் பிடித்தால், படகு வந்து, சாமான் இறங்கி, படகு திரும்பிப் போன பிறகும் பேசிக்கொண்டிருப்பவர் நீங்கள். மளிகைக்கடையில் போன் இருக்கிறது. என் நம்பரும் அங்கே சுவரில் எழுதியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் பேனாவைத் தேடினீர்கள்? பேச்சு குழறுகிறதா?

அந்தப் படிக்கத்தைச் சக்கரவர்த்தி கொடுக்கவில்லை. அதன் வரலாறு என்னைவிட யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் போவதற்கு முன் அதைக் கழுவி வைத்தவள் நான். சாய்த்தால் ஒரேயடியாக விழாது. முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக இறங்கும். அடியில் பழுப்பு ஆடை கட்டியிருக்கும். விரலை விட்டு வழித்தால்தான் வரும். அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது. மத்தியானம் அதே விரலால் சாப்பிட முடியாமல் கரண்டி கேட்டு அடி வாங்கியிருக்கிறேன். போன வருஷம் உங்கள் பேத்தி அதே படிக்கத்தை இரண்டு கையாலும் ஏந்தி உங்கள் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் அவள் தலையைத் தடவிவிட்டுத் துப்பினீர்கள். அதனால்தான் எறிந்தேன். இன்னொன்று இருந்தால் அதையும் எறிவேன்.

அம்மாவின் வாயை உப்புக்காற்று தின்றுவிட்டது என்று இன்னும் சொல்கிறீர்களாம். அந்த ஊரில் உப்புக்காற்று எல்லார் வாயிலும்தான் வீசுகிறது, கைக்குழந்தை வாயிலும். கடைசி மாதம் அம்மா கிடந்த அறைக்குள் நீங்களும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தீர்கள்.

கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டுங்கள். நேராக வருகிறதா? அந்தக் ‘குட்டித் தீவை’ விரலால் தொட்டுப் பாருங்கள், கல் மாதிரி இருக்கிறதா? இடது காது வலிக்கிறதா? கழுத்தில் உருண்டை ஏதாவது? பதிலில் எனக்குப் பேய்க்கணவாய் வேண்டாம். பதிலே வேண்டாம், படகேறி வாருங்கள்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 22

கோபத்தின் குன்றே, மருமகளே,

உத்தரவுப்படி நாக்கை நீட்டினேன். மரியாதை தெரிந்த நாக்கு. இடப்பக்கம் நின்றிருந்த உன் அத்தைக்கு வணக்கம் சொல்வதுபோல் அந்தப் பக்கமே திரும்பிக்கொண்டது. இடது காதுக்குள் ஒரு தச்சன் குடிவந்திருக்கிறான். பொழுது சாய்ந்தால் உளியை எடுத்துவிடுகிறான். கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு முத்து விளைந்திருக்கிறது. சிப்பி நானே. போதுமா?

மைக் கெட்டுவிட்டது. மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. மழை எப்போது பெய்தது என்று கேட்காதே.

படகு இன்ஜின்காரரை உனக்கு நினைவிருக்கும். கையில் எப்போதும் கயிறும் எண்ணெயும்தான். பீடி பற்றவைத்தால் சாரலில் அணைந்துவிடும். அதனால் அவரும் எங்களைப்போல் கொடுப்பில் அதக்குகிற கட்சி. நேற்று கடையில் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். அவர் கன்னத்தில் ஒரு துளை விழுந்திருக்கிறது. வாய் வழியாக உள்ளே போன டீயில் பாதி கன்னம் வழியாக வெளியே வந்தது, கூடவே ஏதோ மஞ்சளும். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. பையிலிருந்து ஒரு கிள்ளு புகையிலையை எடுத்து உருட்டி, படகு அடிப்பலகையில் ஓட்டை அடைப்பதுபோல் அந்தத் துளையில் வைத்து அமுக்கினார். "இப்ப ஒழுகுதா பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கடைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தேன். இதைப் பொய் என்றே வைத்துக்கொள்.

உங்கள் ஆஸ்பத்திரியில் நாக்கை வெட்டிவிடுவார்களாமே. அடியே, என்னிடம் வேறென்ன இருக்கிறது? நிலமா, நீச்சா? இந்தத் தீவில் ஒரு படகு வந்தால் அது படகு. நான் மைக்கில் சொன்னால் அது கடற்படை. நாக்கை வாங்கிக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பினால், துறையில் நின்று எதை வைத்துப் பொய் சொல்வேன்?

உன் மாமன்


ஏப்ரல் 2

மாமா,

வணக்கம், தச்சன், முத்து, மூன்றையும் எங்கள் பெரிய டாக்டரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சதையைக் கிள்ளிச் சோதித்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும், ஆனால் புற்று என்றே நினைக்கிறார். நானும்தான்.

இப்போது வந்தால் நாக்கில் ஒரு பகுதி போகும். தள்ளிப்போட்டால் முழு நாக்கும் போகும். அதற்கும் மேல் தள்ளிப்போட்டால் எங்களுக்கு வெட்ட எதுவும் மிச்சம் இருக்காது; புண்ணைத் துடைத்து விடுவது மட்டும்தான் என் வேலையாக இருக்கும். என் வார்டில் இப்போது அப்படி ஒருவர் கிடக்கிறார். தாடைக்குக் கீழே திறந்து கிடக்கிறது. கட்டுப் பிரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைப்போம். நேற்று உள்ளே புழு இருந்தது. இடுக்கியால் எடுத்தேன். ஆனால் அது உங்கள் வாய் என்றால் என்னால் முடியாது. வேறு யாரையாவது கூப்பிடுவேன்.

அத்தை போன் செய்தார்கள். அடுப்படியில் படுக்கிறார்களாம். "பக்கத்துல படுக்க முடியலம்மா. மீன் கூடை தேவலை. நான் இப்படிச் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதே, மனசு உடைஞ்சிடுவாரு" என்றார்கள். சொல்லிவிட்டேன்.


ஏப்ரல் 9

மருமகளே,

துறையில் கிடக்கும் கறுப்பு நாயை உனக்குத் தெரியும். அழுகின மீன் குடலைக் கண்டால் கழுத்துவரை புரண்டு, அதே கழுத்தோடு என் மடியில் வந்து படுக்கும். இன்று மடியில் கிடந்தபோது ஒரு கொட்டாவி விட்டேன். தலையைத் தூக்கி என் வாயை ஒரு தடவை முகர்ந்தது. எழுந்தது. போய்க் குடல் குவியலின் மேல் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமைப் படகில் நானும் உன் அத்தையும் வருகிறோம்.

மாமா


ஜூன் 14

மாமா,

உங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் என் ஊரில், நான் உங்கள் ஊரில். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் இடுப்பு உயரத்துக்குப் பழுப்பாகப் பளபளக்கிறது. கத்தியால் சுரண்டினேன். பட்டை பட்டையாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே முந்தின தலைமுறையின் எச்சில் இருக்கும்போல.

நான் கிளம்பிய அன்று நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. கோபம் புரிகிறது. ஆபரேஷன் முடிந்து மூக்கில் குழாய், கழுத்தில் தையல், இனி கதிர்வீச்சு வைக்கப்போகிற எரிச்சல், இதற்கு நடுவில் மருமகள் ஊருக்குப் போகிறேன் என்றால் கோபம் வராதா? ஆனால் சுகாதாரக் கூட்டத்தோடு இந்த முறை நானே வர வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். அடுத்த மாதம் முடியும்வரை இருப்போம்.

ஒரு வாயும் திறக்கவில்லை. அதே அட்டை, அதே "ஐயோ பாவம்". "கைக்குழந்தை வாய் என்ன நிறம்?" என்று மடக்கிப் பார்த்தேன். "சிவப்புதான். அது பிஞ்சு வாய் இல்லையா, முத்தினா வெளுத்துடும்" என்கிறார்கள். என் வாய் சிவப்பு என்பதால் எனக்கே வைத்தியம் சொல்கிறார்கள். "கல்யாணம் ஆகாததுக்குக் காரணம் அதான்" என்று மளிகைக்கடைக்காரி மெதுவாகக் காதில் சொன்னாள்.

இன்ஜின்காரர் போய்விட்டார். நாங்கள் வந்து இறங்கிய அன்றுதான் அடக்கம். முகம் முழுசாகத் தெரியட்டும் என்று கன்னத்துத் துளையில் புகையிலையை உருட்டி அடைத்து, மேலே மாவு பூசியிருந்தார்கள். ஈக்கள் மாவுக்கு ஏமாறவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அதக்கிக்கொண்டே நின்றார்கள். ஒருவர் குழி ஓரத்தில் துப்பினார். எனக்கு இந்த ஊரைப் பிடித்து உலுக்கிக் கடலில் கொட்ட வேண்டும்போல் இருந்தது.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.


ஜூன் 22

குன்றே,

கோபம் உன்மேல் இல்லை. நீ கிளம்பிய அன்று ஒரு நர்ஸ் என் கழுத்தில் உறிஞ்சு குழாயை விட்டுக் கோழையை இழுத்துக்கொண்டிருந்தாள். அது போய் விழுந்த ஜாடியைப் பார்த்தேன். நூல் நூலாக இறங்கியது. அந்த ஜாடியைக் கழுவப்போகிறவள் யார் என்று நினைத்தேன். உன் பக்கம் திரும்ப முகமில்லை.

சரி, ராஜாங்கச் செய்திக்கு வருவோம். என் நாக்கில் வெட்டின இடத்தை முன்னங்கைச் சதையை வைத்து நிரப்பினார்கள் அல்லவா? அதில் மயிர் முளைக்கிறது! ஆமாம், வாய்க்குள். உலகத்திலேயே நாக்குக்குச் சவரம் செய்துகொள்ளும் ஒரே மகான் நான். நேற்று ஒரு முடி தொண்டையில் குத்தி ஓங்கரித்தேன். என் கை எந்நேரமும் அடுத்தவர் தட்டுக்கு நீளும் என்று உன் அம்மா திட்டுவாள். இப்போது அது வாய்க்குள்ளேயே குடிவந்துவிட்டது. பேச்சு வருகிறது. என்ன பேசுகிறேன் என்பது உன் அத்தைக்கு மட்டும் புரிகிறது. அவள் மொழிபெயர்ப்பதில் என் வசை பாதி காணாமல் போகிறது.

இனி ஆலோசனை. நம் ஊரின் தப்பை எதிர்த்து நீந்தாதே, மூச்சு முட்டும். அதன் மேலேயே படகை விடு. மைக்கை எடு. (அது கெடவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.) சிவந்த வாய் நோய் தீவுக்குள் புகுந்துவிட்டது, யாருக்கு நல்ல வெள்ளை வாய் இருக்கிறதோ அவர்கள் துறைக்கு வந்து திறந்து காட்டி நிரூபித்துவிட்டுப் போகலாம் என்று அறிவி. வருவார்கள். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவார்கள்.

பொய் சொல்ல மாட்டேன் என்று மூக்கைச் சுளிக்காதே. முதலில் பார், பிறகு உண்மையைச் சொல். சொல்வதற்கு ஒரு அட்டை வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் என் வாயைப் பெரிதாகப் படம் எடுத்தார்களே, அதை உன் டாக்டரிடம் கேட்டு இதோடு அனுப்புகிறேன். ஆள் யாரென்று உடனே சொல்லாதே. முதலில் பாராட்டட்டும்.

பாதி நாக்கு மன்னன்


ஜூலை 1

மாமா,

வந்தார்கள். தீவே வந்தது. மைக்கில் உங்கள் வரிகளை அப்படியே ஒப்பித்தேன். "மாமா மாதிரி சொல்லத் தெரியலியே" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே வாயைத் திறந்தாள். "நல்லா பாரும்மா, என்னுது கெட்டி வெள்ளை" என்று ஒருவர் கன்னத்தை விரலால் பிதுக்கிக் காட்டினார். டார்ச்சை அடித்து அடித்துப் பார்த்தேன். அழுகின பற்கள், பழுப்புச் சக்கை, பாலாடை மாதிரி தோல், அதற்குள் சீழ். ஒவ்வொருவரும் என் முகத்தில் மூச்சை விட்டுவிட்டுப் பெருமையாகச் சிரித்தார்கள். இடையில் இரண்டு முறை எழுந்துபோய்க் கடலைப் பார்த்து நின்றுவிட்டு வந்தேன். பாதிப் பேருக்குத் தோல் மட்டும்தான். விட்டுவிட்டால் தேறலாம், கண்காணிக்க வேண்டும். சிலருக்கு உங்களுடையது மாதிரியே குட்டித் தீவு.

பிறகு உங்கள் படத்தைத் தூக்கிக் காட்டினேன். "அடேயப்பா, முத்தின வாய்" என்றார்கள். "கப்பல் கேப்டன் வாய் போல இருக்கே" என்றார்கள். மளிகைக்கடைக்காரி கிட்டே வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ஓரத்துல அது என்ன பள்ளம்?" என்றாள்.

"இது எங்க மாமா வாய்," என்றேன். "அந்தப் பள்ளத்துக்காகத்தான் நாக்கைப் பாதி வெட்டினாங்க."

பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்கள்போல எல்லாரும் துறைக் கம்பத்தில் இருக்கும் உங்கள் ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். கடைக்காரி வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பினாள். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு தன் நாக்கை எனக்குக் காட்டினாள். அவளே வெள்ளிக்கிழமைப் படகில் பேர் கொடுத்துவிட்டாள். அவளோடு இன்னும் சிலர். எல்லாரும் இல்லை. "வயசான காலத்துல எதுக்கு" என்று அதக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஒன்று கேட்கிறேன். அட்டைக் கதை உண்மை என்று அந்த டாக்டரே சொல்லிவிட்டார். புகையிலைப் பொட்டலம் இன்னும் அவர் மேஜையில் இருக்கிறது. குட்டித் தீவை நானே பார்த்துவிட்டேன். அந்தப் படிக்கக் கதையில் ஒரு பொட்டாவது உண்மை உண்டா?


ஜூலை 9

மருமகளே,

கடைக்காரி வந்து சேர்ந்தாள். எனக்கு எதிர்க்கட்டில். "சிவந்த வாய்க்காரி அனுப்பி வச்சா" என்றாள். உன் அத்தையின் உதவி இல்லாமலே என் பதில் வசை அவளுக்குப் புரிந்துவிட்டது. நாக்கு தேறுகிறது.

கேட்டதற்குப் பதில். சக்கரவர்த்தி பொய். முப்பாட்டனாருக்குத் துப்பவே தெரியாது. அந்த ஒடுக்கு நீ சின்ன வயதில் கோபத்தில் கல்லில் அடித்தது. மகாராஜா பொய், அவர் அதக்கியது பொய், குறி பார்த்துத் துப்பியதும் பொய்.

படிக்கம் மேலே வந்தது மட்டும் உண்மை. சின்ன உண்மைதான். கயிற்றை நான்தான் இழுத்தேன். ஒவ்வொரு பானையிலும் ஆள் இருந்தது. கக்கூஸ் பீங்கானில்கூட ஒன்று காலை மடித்து உட்கார்ந்திருந்தது. படிக்கத்துக்குள் கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. ஒரு நண்டுக்குஞ்சு இல்லை, ஒரு சிப்பி ஒட்டவில்லை. ஒரு வருஷம் கடலடியில் கிடந்தும் எதற்கும் வேண்டாத பாத்திரமாக, எறிந்த அன்று இருந்ததுபோலவே பளிச்சென்று வந்தது. வாயிலிருந்ததை அதில் துப்பப்போனேன். துப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மாமா